உங்கள் தெருவுக்காகப் பேச எத்தனை பேர் தெரியுமா?

தருமபுரி குமாரசாமிப்பேட்டையில் குடியிருப்பவருக்காகச் சட்டம் இயற்றும் அவைகளில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா? இருபது பேர்! எம்.எல்.ஏ. ஒருவர், மக்களவை எம்.பி. ஒருவர். மீதி 18? தமிழ்நாட்டின் மாநிலங்களவை எம்.பி.க்கள்! நம் எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் இவர்களுக்கு மாநிலம் முழுதுமே தொகுதிதான். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் மேம்பாட்டு நிதி இவர்களுக்கும் உண்டு. அதைத் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்துக்கும் ஒதுக்கலாம். நம் ஊர்ப் பள்ளிக்கு வகுப்பறை வேண்டுமென்று இவர்களில் ஒருவரிடமாவது மனுக் கொடுத்திருக்கிறோமா?

தருமபுரி மாவட்டத்தில் தாலுகா 7, சட்டமன்றத் தொகுதியோ 5 தான்: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் (தனி). காரிமங்கலம், நல்லம்பள்ளி பெயர்களில் தொகுதியே கிடையாது! மொரப்பூர் என்றொரு தொகுதி இருந்ததே, எங்கே போனது? 2008 மறுசீரமைப்பில் மறைந்துவிட்டது. பாப்பிரெட்டிப்பட்டி தன் முதல் எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுத்தது 2011-இல்!

இன்னொரு வியப்பு! மேட்டூர் இருப்பது சேலம் மாவட்டத்தில். ஆனால் மேட்டூர்க்காரர்கள் ஓட்டுப் போடுவது தருமபுரி எம்.பி.க்கு! ஒகேனக்கல்லில் கொட்டும் காவிரியும், அது போய்த் தேங்கும் மேட்டூர் அணையும் ஒரே மக்களவைத் தொகுதியில்!

ஒரு தொகுதிக்கு இரண்டு எம்.பி.க்கள் இருந்த காலமும் உண்டு தெரியுமா? 1952 தேர்தலில் நாடு முழுக்க 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள்! 1961-இல் சட்டம் போட்டுத்தான் அந்த முறையை நீக்கினார்கள்.

2021-இல் மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளையும் அ.தி.மு.க. – பா.ம.க. கூட்டணி அள்ளியது. 2024-இல் தருமபுரி எம்.பி. ஆனவரோ தி.மு.க.வின் ஆ.மணி! இரண்டு அவைக்கும் இரண்டு வேறு கணக்கு. அதனால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்பது முக்கியம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருவுக்கு வரவில்லையா? அது மாநில அரசின் திட்டம், எம்.எல்.ஏ.வைப் பிடியுங்கள். மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதையா? அது டெல்லி விவகாரம், எம்.பி.யிடம் கேளுங்கள்.

உங்கள் தொகுதி எதுவென்று சந்தேகமா? வாக்காளர் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சட்டமன்றத் தொகுதியின் எண்ணும் பெயரும் அச்சாகியிருக்கும். அட்டை பழசா? தொகுதி மாறியிருக்கலாம், 1950-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள்!