பீனிசமும் அறுவை மருத்துவமும்

கேரளத்தின் தென்கோடியில் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அமைந்துள்ளன. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை; அங்கே தமிழ்நாடு தொடங்குகிறது. இவ்வெல்லைச் சிற்றூர்களில் குடியேறிய தமிழ்ப் பெற்றோர் மருத்துவமனைக்குச் செல்லும்போது, மலையாளம் கற்ற பிள்ளைகள் உடன்சென்று நோயை எடுத்துரைப்பதுண்டு. எனவே நோயின் பெயரை இரு மொழியிலும் அறிதல் நன்று. தமிழில் பீனிசம் எனவும் மலையாளத்தில் பீனசம் எனவும் வழங்கும் நோய் அவற்றுள் ஒன்றாகும்.

முக எலும்புகளுக்குள் காற்றறைகள் உள்ளன. இவற்றைச் சைனஸ் என்பர். நெற்றி, கன்னம், கண்களின் இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் இவை நான்கு இணைகளாக அமைந்துள்ளன. இவற்றில் ஊறும் சளிநீர் சிறு துளைகளின் வழியே மூக்கினுள் வடிகிறது. தடுமன், ஒவ்வாமை, மூக்கினுள் வளரும் தசை ஆகியவற்றால் துளை அடைபட்டால் சளி தேங்கும். மேற்கடைவாய்ப் பல்லின் சொத்தையும் கன்ன அறையைத் தாக்கக்கூடும். மூக்கடைப்பு, முகவலி, மணம் அறியாமை முதலியன 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட பீனிசமாகும்.

இந்நோய் உற்ற அனைவருக்கும் அறுவை தேவையில்லை. கொதித்து ஆறிய உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் மூக்கில் தெளிக்கும் மருந்தும் முதல்நிலை மருத்துவமாகும். பல வாரங்கள் முறையாகச் செய்தும் பயனில்லையெனில், சி.டி. ஸ்கேன் எடுத்து அறுவை குறித்து மருத்துவர் முடிவு செய்வார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் கால்டுவெல்லும் பிரெஞ்சு மருத்துவர் லூக்கும் ஒரு முறையைக் கண்டனர். மேலுதட்டின் உட்புறம் கீறி, எலும்பில் துளையிட்டு, கன்ன அறையைத் தூய்மை செய்வதே அம்முறை. பின்னர், ஆஸ்திரிய மருத்துவர் மெசர்கிளிங்கர் அகநோக்கியால் மூக்கின் உட்புறத்தை ஆராய்ந்து, 1978இல் நூல் வெளியிட்டார். புதிய துளை இட்டாலும், அறையிலுள்ள நுண்மயிர்கள் சளியை இயற்கைத் துளையை நோக்கியே தள்ளுகின்றன என்பதை அவர் விளக்கினார். ஆகவே, அடைபட்ட இயற்கைத் துளையைத் திறப்பதே இன்றைய அகநோக்கி அறுவையின் நோக்கமாகும். இதனால் முகத்தில் தழும்பு உண்டாவதில்லை.

சிலருக்குச் சிறு பலூனைச் செலுத்தித் துளையை விரிப்பர். மூக்கினுள் தசை மிகுதியாக வளர்ந்தோர்க்கு அது போதாது. மூக்கின் நடுச்சுவர் வளைந்திருப்பின் அதனை நேராக்குவர்.

கண்ணையும் மூளையையும் இவ்வறைகளிலிருந்து பிரிக்கும் எலும்பு மிக மெல்லியது. ஆதலால் இவ்வறுவையைப் பயிற்சி பெற்ற மருத்துவரே செய்தல் வேண்டும். அறுவைக்குப் பின்னும் மூக்கைக் கழுவுதலைத் தொடர வேண்டும். தசை மீண்டும் வளரக்கூடும். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை மங்கல், காய்ச்சலுடன் கடுந்தலைவலி ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவைக்கு முன் சம்மதபத்ரம் எனப்படும் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் கேட்பர். எம்முறை அறுவை, அதன் இடர் யாது, அறுவை செய்யாவிடில் நேர்வது யாது என மூன்று வினாக்களை அப்போது கேட்டறிதல் வேண்டும். விடை விளங்காவிடில், பிள்ளை தானே ஊகித்துச் சொல்லாமல் மருத்துவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். படித்தறிய இயலாத படிவத்தில் தந்தை கையொப்பமிடும் நிலையை அவ்வொரு கேள்வி மாற்றிவிடும்.

சிந்தித்து விடை எழுதுக

1. நாட்பட்ட பீனிசம் என்பது யாது?
2. மெசர்கிளிங்கரின் ஆய்வு அறுவை முறையை எவ்வாறு மாற்றியது?
3. ஒப்புதல் படிவம் குறித்துத் தாய்க்கும் மகளுக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதுக.