ஈரக் காற்றுக்கும் ஒரு வழி வேண்டும்

ஒக்டோபர் பிறந்தால் கொழும்புத் தாய்மாருக்கு ஒரு கவலை தொடங்கிவிடும். பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை நாளைக்குக் காயுமா, காயாதா? காலையில் தோய்த்துப் போட்டதைப் பின்னேர மழைக்கு ஓடிப்போய் எடுக்க வேண்டும். இரவு முழுவதும் மின்விசிறிக்குக் கீழே விரித்து வைத்தாலும், விடியும்போது ஒரு புளித்த வாடை மிஞ்சும்.

கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் சிறிதென்றாலும் ஒரு பின்முற்றம் இருந்தது. வெள்ளவத்தையிலும் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தனி வீடுகளும் கொடிக் கயிறுகளும் இருந்தன. அவற்றில் பல இன்று தொடர்மாடிகளாகிவிட்டன. முற்றம் போய் பல்கனி வந்தது. பல்கனியும் போதாதபோது, உடுப்பு உலர்த்தும் ட்ரையர் வீட்டுக்குள் வருகிறது. அதோடு புதிய பிரச்சினைகளும் வருகின்றன.

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு, வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்குக் குடிபோனார். இலண்டனில் இருக்கும் மகன் ட்ரையர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதையும் சலவை இயந்திரத்தையும் எங்கே வைப்பது என்பதை வீட்டைத் திருத்திய பாஸே தீர்மானித்தார். வீட்டின் நடுவில், குளியலறைக்குப் பக்கத்தில் வைத்தார். தண்ணீர்க் குழாய் அங்கேதான் இருந்தது. அவருக்கு வேலை சுலபம். சூடான ஈரக் காற்று வெளியேறுவதற்கு, சீலிங்குக்கு மேலாக நான்கு வளைவுகளுடன் ஒரு பிளாஸ்டிக் குழாயை இழுத்து, கட்டடத்தின் நடுவே வெளிச்சத்துக்காக விடப்பட்ட திறந்த இடைவெளிக்குள் விட்டுவிட்டார்.

மூன்று மாதம் போகவில்லை. ஒரு மணித்தியாலத்தில் காய்ந்த உடுப்புக்கு மூன்று மணித்தியாலம் தேவைப்பட்டது. மின் கட்டணம் ஏறியது. மேல்மாடி வீட்டின் குசினி யன்னலும் அதே இடைவெளிக்குள்தான் திறக்கும். அந்த யன்னல் வலையில் பஞ்சுத் தூசி படிந்தது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. அங்கே ஒரு கைக்குழந்தை.

"அன்ரி, உங்கட மெஷின் ஓடினா எங்கட யன்னல் திறக்கேலாது. பிள்ளைக்கு இருமல் விடுகுதில்லை" என்று அந்த இளம் தாய் ஒருநாள் வாசலில் வந்து நின்றார். நல்ல அயலவர்கள் முகம் பார்க்காமல் படியேறும் நிலை வந்துவிட்டது.

எவ்வளவு ஈரம்?

ஐந்து கிலோ பருத்தி உடுப்பை நிமிடத்துக்கு 1000 சுற்று வேகத்தில் பிழிந்து எடுத்தாலும், அதில் ஏறக்குறைய 3 லீற்றர் தண்ணீர் தங்கியிருக்கும். ட்ரையர் அந்தத் தண்ணீரை ஆவியாக்கி, துணியிலிருந்து உதிரும் பஞ்சையும் சேர்த்துக் குழாய் வழியே தள்ளுகிறது. நாம் வெளியேற்றிவிட்டோம் என்று நினைக்கும் ஈரம் எங்கோ போய்ச் சேரத்தான் செய்யும். அது யாருடைய சுவரில் சேர்கிறது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

முதலில் சுவர், பிறகு இயந்திரம்

சலவை இயந்திரத்தை இடம் மாற்றும்போது தண்ணீர்க் குழாயைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். உண்மையில் தண்ணீரைச் சிறிய குழாயில் பத்து அடி தூரம் கொண்டுபோவது பெரிய வேலையல்ல. அமுக்கம் அதைத் தள்ளும். காற்றைத் தள்ளுவதற்கு இருப்பதோ ட்ரையருக்குள் உள்ள ஒரு சிறு விசிறி மட்டுமே. ஆகவே வெளிச்சுவர் ஒன்றை முதலில் தெரிவு செய்து, ட்ரையரின் முதுகு அந்தச் சுவரைப் பார்க்கும்படி வையுங்கள். தண்ணீரும் வடிகாலும் அங்கே வரட்டும்.

குழாய் எவ்வளவு நீளம் போகலாம்? அமெரிக்க வீடமைப்பு விதிகள் ஒரு கணக்குச் சொல்கின்றன. நேராகச் சென்றால் உச்ச அளவு 35 அடி. செங்குத்தாகத் திரும்பும் ஒவ்வொரு வளைவுக்கும் 5 அடியைக் கழிக்க வேண்டும். அந்தச் சகோதரி வீட்டுக் குழாயில் நான்கு வளைவுகள். 20 அடி அதிலேயே போய்விட்டது. சிறிய இயந்திரங்களுக்கு இதைவிடக் குறைந்த நீளமே பொருந்தும். இயந்திரத்தோடு வரும் கையேட்டில் உள்ள அளவையே கடைப்பிடியுங்கள்.

குழாய் 4 அங்குல விட்டமுள்ள, உட்புறம் வழுவழுப்பான உலோகக் குழாயாக இருக்கட்டும். பி.வி.சி. குழாயும் சுருள் பிளாஸ்டிக் குழாயும் வேண்டாம். சுருளின் மடிப்புகளில் பஞ்சு தேங்கும், பிளாஸ்டிக் தீப்பற்றும். கடலோர உப்புக் காற்றில் தகரம் விரைவில் துருப்பிடிப்பதால் வெள்ளவத்தைக்கு அலுமினியம் நல்லது. மூட்டுகளை அலுமினிய ஒட்டுநாடாவால் சுற்றுங்கள். திருகாணி அடித்தால் அதன் முனை உள்ளே நீட்டி நின்று பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். வெளி வாயில் வலை அடிக்க வேண்டாம், அதுவும் அடைபடும். காற்று வரும்போது திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் மடிப்பு மூடியே போதும். எலியும் மைனாவும் உள்ளே புகாது.

எங்கே திறக்கலாம்?

எந்த யன்னலிலிருந்தும் குறைந்தது 3 அடி தள்ளித் திறக்க வேண்டும். சீலிங்குக்குள்ளோ, படிக்கட்டுப் பக்கமோ, கட்டடத்தின் நடு இடைவெளிக்குள்ளோ விடவே கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து வீசும். கடலை நேராகப் பார்க்கும் சுவரில் வாய் வைத்தால், காற்றும் மழையும் உள்ளே திரும்பும். பக்கச் சுவர் உகந்தது. கொட்டாஞ்சேனையில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகளில் பக்கச் சுவர் அயலவருடையது. அங்கே சொந்த முற்றத்துப் பக்கமே பொருத்தம்.

துளையிட முன் அனுமதி கேளுங்கள். தொடர்மாடி வீட்டு உடைமை பற்றி 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் வீடு உங்களுடையது என்றாலும், கட்டடத்தின் வெளிச்சுவர் எல்லோருக்கும் பொதுவானது. முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி பெறுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும்.

மின்சாரமும் நெருப்பும்

இவ்வகை ட்ரையர் 2000 முதல் 2500 வொட் வரை இழுக்கும். அதற்கு மின்பலகையிலிருந்து தனி இணைப்பும், நில இணைப்பும், ட்ரிப் சுவிட்சும் அவசியம். எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டக் கூடாது. கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் ட்ரையர் பெரும்பாலும் இங்கே ஒத்துவராது. அங்குள்ள மின் இணைப்பு முறை வேறு. அனுப்ப முன்னரே சொல்லிவிடுங்கள்.

பஞ்சு இலகுவில் தீப்பற்றும். 2008 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,900 வீட்டுத் தீ விபத்துகள் ட்ரையரிலிருந்து தொடங்கியதாக அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கணக்கிட்டது. முதன்மைக் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது. 2016 ஓகஸ்டில் இலண்டனில் 18 மாடிக் கட்டடமொன்றில் பழுதான ட்ரையரால் தீ மூண்டு, பல குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. ஆகவே:

ஒவ்வொரு தடவையும் பஞ்சு வடியைத் துடையுங்கள். வருடத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றித் துப்புரவாக்குங்கள்.

நல்லெண்ணெய் முழுக்குக்குத் துவட்டிய துவாயையும், எண்ணெய் பட்ட குசினித் துணியையும் ட்ரையரில் போட வேண்டாம். தோய்த்த பின்னும் தங்கும் எண்ணெய் சூட்டில் தானாகவே பற்றக்கூடும்.

இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கவோ வெளியே போகவோ வேண்டாம். இடையில் மின்சாரம் நின்றால், சூடான உடுப்பை உள்ளே குவிய விடாமல் எடுத்து விரித்துவிடுங்கள்.

குழாயே போட முடியாவிட்டால்?

சில வீடுகளில் நல்ல வெளிச்சுவர் கிடைக்காது. அவர்களுக்கு, ஆவியைக் குளிரவைத்துத் தண்ணீராகத் தொட்டியில் சேர்க்கும் ட்ரையர் இருக்கிறது. தொட்டியை ஊற்றிவிட்டால் சரி. அதிலும் வெப்பப் பம்பி உள்ளது விலை கூடினாலும், பழைய வகையின் ஏறக்குறைய பாதி மின்சாரத்தில் வேலையை முடிக்கும். அலகு கூடக் கூட விலையும் ஏறும் நமது மின் கட்டணத்தில் அது பெரிய வித்தியாசம். ட்ரையரே வேண்டாம் என்போர், உடுப்பை இன்னொரு தடவை பிழியவிட்டு, யன்னலோரம் இடைவெளி விட்டுக் காயப்போட்டு, மின்விசிறியைத் திருப்பி வைக்கலாம். பெப்ரவரி வெயிலுக்கு எந்த இயந்திரமும் ஈடாகாது.

அந்தச் சகோதரி முகாமைத்துவக் குழுவின் கடிதத்தோடு இரண்டு இயந்திரங்களையும் பின்பக்கச் சுவரோரம் மாற்றினார். தண்ணீர்க் குழாய் பன்னிரண்டு அடி நீண்டது. காற்றுக் குழாயோ ஒன்றரை அடிதான், வளைவே இல்லை. மேல்மாடிச் சுவரைத் தன் செலவிலேயே கழுவிப் பூசிக் கொடுத்தார். இப்போது அந்தக் குசினி யன்னல் திறந்திருக்கிறது. படிகளில் கதையும் நடக்கிறது.

வீட்டில் தோய்ப்பதும் காயப்போடுவதும் பெரும்பாலும் நாங்கள்தான். எந்த இடம் சரி என்பதைப் பாஸிடம் மட்டும் விட்டுவிடுவது ஏன்? அவர் வருவதற்கு முதல் நாள், ஓர் அளவு நாடாவை எடுத்து வெளிச்சுவர் வரை நீங்களே அளந்து பாருங்கள், சகோதரிகளே. யன்னலைத் திறந்து, அடுத்த வீட்டு யன்னல் எங்கே இருக்கிறது என்றும் ஒரு தடவை பாருங்கள்.