வானத்தைப் படிக்கவும் நம் பிள்ளைகளை அனுப்புவோம்!

  

பல ஆண்டுகளுக்கு முன், தை மாதக் கடைசியில் ஒரு நண்பகல். அதிராம்பட்டினத்தில் நான் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் லுஹருடைய நேரத்தை நாட்காட்டியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத்! நடுப்பகல் என்றால் பன்னிரண்டு மணிதானே? ஐப்பசியில் பன்னிரண்டுக்கு முன்பே உச்சி சாய்ந்துவிட்டது. இப்போது பன்னிரண்டே கால் தாண்டியும் சாயவில்லையே, ஏன்?"

கலைப் பட்டதாரியான எனக்கு விடை தெரியவில்லை. "நாட்காட்டியில் அப்படித்தான் போட்டிருக்கிறது, உட்கார்" என்றேன். ஆயினும் அன்று முழுவதும் மனம் அமைதி கொள்ளவில்லை. சூரியனைக் கொண்டு தொழுகையையும், பிறையைக் கொண்டு நோன்பையும் ஹஜ்ஜையும் நிர்ணயிக்கும் சமுதாயம் நாம். அவற்றின் கணக்கை மட்டும் அச்சிட்ட தாளிடம் கடன் வாங்குகிறோம்!

பின்னர் இயற்பியல் பயின்ற நண்பர் ஒருவர் விளக்கினார். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்டது. நமதூரோ ஏறத்தாழ 79.4 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்ற கணக்கில் நமக்குச் சூரியன் சுமார் 12 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகிறது. மேலும் பூமியின் பாதை நீள்வட்டம். அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. இவ்விரு காரணங்களால் பிப்ரவரி நடுவில் மேலும் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. ஆகவேதான் நமதூரில் உச்சிவேளை நவம்பரில் 11.56 மணிக்கும், பிப்ரவரியில் 12.26 மணிக்கும் அமைகிறது. சிறுவனின் கண் சரியாகவே கண்டிருந்தது!

முன்னோர் நடந்த பாதை

வானங்களும் பூமியும் படைக்கப்பட்டிருப்பதிலும் இரவும் பகலும் மாறி வருவதிலும் அறிவுடையோர்க்குச் சான்றுகள் இருப்பதை ஆலு இம்ரான் அத்தியாயம் உணர்த்துகிறது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. மக்கள் அதை அம்மரணத்தோடு முடிச்சுப் போட்டபோது, யாருடைய மரணத்திற்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அண்ணலார் தெளிவுபடுத்தினார்கள். துயரம் நெஞ்சை அழுத்திய வேளையிலும் மூடநம்பிக்கைக்கு அங்கே இடம் தரப்படவில்லை.

இந்தத் தெளிவில் வளர்ந்தவர்கள் நம் முன்னோர். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி கி.பி. 964இல் விண்மீன்களைப் பற்றிப் பெருநூல் படைத்தார். டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் பொறுப்பிலிருந்த இப்னு ஷாத்திர், 14ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த வானியல் அறிஞர்களுள் ஒருவர். பள்ளிவாசலின் ஊழியரே வானியல் பேரறிஞர்! இன்றும் உலகம் அல்டெபரான், ரிகெல், வேகா, அல்டேர் என்று அரபு மூலத்திலிருந்து வந்த பெயர்களாலேயே விண்மீன்களை அழைக்கிறது.

பெயரிட்டவர்களின் வாரிசுகள் அவற்றைப் படிக்காமல் இருக்கலாமா?

இன்றைய வானியற்பியல்

அன்றைய அறிஞர்கள் விண்மீன் எங்கே இருக்கிறது என்று அளந்தார்கள். அது எதனால் ஆனது, எப்படி எரிகிறது, எப்படி முடிகிறது என்று ஆராய்வது இன்றைய வானியற்பியல். விண்மீனின் ஒளியைத் தொலைநோக்கியில் திரட்டி நிறங்களாகப் பிரித்தால் இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். ஒவ்வொரு தனிமத்திற்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. தொட முடியாத விண்மீனில் இரும்பு உண்டா, ஹைட்ரஜன் உண்டா என்பதை இவ்வாறு அறிகிறார்கள்.

இப்பணி நம் தமிழகத்திலேயே நடைபெறுகிறது. கொடைக்கானலில் 1899இல் அமைந்த ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பதிவு செய்து வருகிறது. சவ்வாது மலையிலுள்ள காவலூரில் 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட தொலைநோக்கி 1986இல் திறந்துவைக்கப்பட்டது. 1977இல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது வெளிப்பட்ட இரவில், உலகின் வேறு சில இடங்களைப் போலவே காவலூரிலும் நம் விஞ்ஞானிகள் கண் விழித்திருந்தார்கள்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் படித்த சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போதே வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்ற கணக்கைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 19. அந்த எல்லை சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கல்லூரியில் பெற்றது இயற்பியல் பட்டமே என்பதைக் கவனியுங்கள்!

நம் வாசலில் தொடங்கும் வழி

வானியற்பியலுக்கென்று இளங்கலையிலேயே தனிப் பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. இயற்பியலும் கணிதமும் வலுவாக இருந்தால் போதும். 1955இல் தொடங்கப்பட்ட நமதூர் காதிர் முகைதீன் கல்லூரியிலேயே இயற்பியல் படிக்கலாம்.

இளங்கலை முடிப்பவர்கள் 'ஜாம்' தேர்வு எழுதி ஐ.ஐ.டி.க்களில் முதுகலை சேரலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலையும் ஆராய்ச்சியும் இணைந்த படிப்பில் இடம் பெறவும் அது வழி. முதுகலை இயற்பியல் முடித்தவர்களுக்கு 'ஜெஸ்ட்', 'நெட்' போன்ற தேர்வுகள் இருக்கின்றன. அவற்றில் வென்றால் பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம், மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், புனேயிலுள்ள 'ஐயூகா' போன்ற இடங்களில் முனைவர் பட்ட ஆய்வுக்கு முயலலாம்.

செலவுக்கு என்ன செய்வது என்கிறீர்களா? சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் ஆராய்ச்சி உதவித்தொகை 2022-23 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. இது நமக்கு இழப்பே. ஆயினும் தகுதித் தேர்வில் வென்ற இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டது. ஆராய்ச்சிக் காலத்தில் பிள்ளை வீட்டுக்குப் பாரமாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி முடித்தபின் பத்தாண்டு உழைப்பு தேவை. நிரந்தர ஆராய்ச்சிப் பணியிடங்கள் குறைவு. ஆனால் இப்படிப்பில் பெறும் கணிதமும் கணினித் திறனும் கல்லூரி ஆசிரியப் பணிக்கும் தொழில்துறைக்கும் கைகொடுக்கும்.

பெண்மக்களும் பின்தங்க வேண்டாம்

சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி, தென்காசி மாவட்டம் செங்கோட்டையைச் சேர்ந்த முஸ்லிம் பெண்மணி. திருநெல்வேலியில் பொறியியல் படித்து 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். அவர் பொறியாளர், கலம் அனுப்பும் தரவுகளைப் படிக்க வானியற்பியலாளர்கள் வேண்டும். அந்த இருக்கைகளில் நம் மகள் ஒருத்தி அமரக் கூடாதா?

ஒரு தவறும் ஒரு வேண்டுகோளும்

அன்று கேள்வி கேட்ட சிறுவன் வளர்ந்து இயற்பியலில் பட்டம் பெற்றான். விண்மீன்களைப் பற்றி மேலே படிக்க வேண்டும் என்றான். "அதைப் படித்தால் யார் வேலை கொடுப்பார்?" என்று அவன் தந்தை என்னிடம் யோசனை கேட்டு வந்தார். மேலே நான் எழுதிய எதுவும் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. "வாப்பா சொல்வதைக் கேள்" என்று அவனிடம் சொன்னேன்.

இன்று அவன் வளைகுடா நாடொன்றில் கடைக் கணக்கு எழுதுகிறான். ஹலாலான உழைப்பு, அதில் இழிவு இல்லை. விடுமுறையில் வந்தவன் என்னைப் பார்த்து ஸலாம் கூறிவிட்டு, "அங்கே பாலைவனத்தில் நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிகின்றன, ஹஜ்ரத்" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்றும் என் நெஞ்சில் தைக்கிறது.

ஆசிரியப் பெருமக்களே! பெற்றோர்களே! பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் உட்கார வைக்காதீர்கள். விடை தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு ஜமாஅத்தும் ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் இத்துறைக்கு ஊக்கப்படுத்தினால், நம் தொழுகை நேரத்தைக் கணிப்பவரும், விண்மீனின் ஒளியை ஆராய்பவரும் நம் வீட்டிலிருந்தே வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

வல்ல நாயன் நம் மக்களுக்குப் பயனுள்ள கல்வியை வழங்கி அருள்வானாக! ஆமீன்.