அயல்நாட்டு ஊதியமும் இல்லறச் செலவும்

கடல் கடந்து பொருளீட்டுவோரின் ஊதியத்தைக் கேட்டவுடன் அதனை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து வியத்தல் நம்மவரிடை வழக்கமாகும். தனியே சென்று உழைப்போனுக்கு இக்கணக்கு ஓரளவு பொருந்தும்; மனைவி மக்களுடன் குடியேறுவோனுக்குப் பொருந்தாது. அஃது எங்ஙனமென்பதைத் தமிழர் பலர் தொழில் புரியும் சவூதி அரேபியாவை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

அந்நாட்டு நாணயமாகிய ரியால், 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 என நிலைநிறுத்தப்பட்டுள்ளது. ஆதலின் டாலருக்கெதிரே ரூபாய் தாழுந்தோறும் ரியாலுக்கெதிரேயும் தாழ்கின்றது. 2017-இல் ஏறக்குறைய 17 ரூபாய் பெற்ற ஒரு ரியால், 2024-இல் 22 ரூபாயைத் தாண்டிற்று. ஊதியம் உயராவிடினும், அதன் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்புவோன் இதனாற் பயனடைந்தான். குடும்பத்தை உடன்வைத்திருப்போனோ ரியாலிற் பெற்று ரியாலிலேயே செலவிடுகின்றான். செலவு போக எஞ்சும் சிறு தொகைக்கன்றி, ரூபாயின் வீழ்ச்சியால் அவனுக்கு யாதொரு பயனுமில்லை.

அவன் செலவோ அதே ஆண்டுகளிற் பெருகிற்று. அயல்நாட்டுத் தொழிலாளர் தம்முடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் இறுக்கவேண்டுமென 2017 ஜூலையில் விதிக்கப்பட்டது. அத்தொகை ஆண்டுதோறும் நூறு நூறாகக் கூடி, 2020 ஜூலையில் 400 ஆயிற்று. மனைவியும் மக்கள் இருவரும் உடனிருப்பின் மாதத்திற்கு 1,200 ரியால். ஆண்டிற்கு 14,400 ரியால். மாதம் 6,000 ரியால் பெறுவோனொருவன் இங்ஙனம் வாழ்வானாயின், அவன் வீட்டில் அடுப்பு மூட்டுமுன்னரே ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்குங்கால் இத்தொகையை முன்கூட்டியே செலுத்தவேண்டுமாதலின், கடன்படுவோரும் உளர்.

ஊதியத்தின்மேல் வருமான வரி இல்லையென்பது உண்மையே. ஆயினும் 2018 ஜனவரியில் 5 விழுக்காடாகப் புகுந்த மதிப்புக்கூட்டு வரி, 2020 ஜூலையில் 15 விழுக்காடாயிற்று. அது வாங்கும் பொருளின்மேல் விழுவதாகலின், உண்ணும் வாய் மிகுந்தோறும் தானும் மிகும். 2018-இன் தொடக்கத்திற் பெட்ரோலும் மின்சாரமும் விலையேறின. வீட்டு வாடகையும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும், விடுமுறைக்கு ஊர் வந்து மீளும் விமானக் கட்டணமும் இவற்றின் வேறாம்.

இவ்வாற்றாற் பலர் தம் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் அங்கே தங்கினர். அவர் வீடுகளுக்கு வரும் பணம் மிகுந்திருக்கலாம். ஆனால் பிள்ளைகள் தந்தையைக் கைபேசித் திரையிற் கண்டு வளர்கின்றனர். இவ்விழப்பு எந்த வரவுசெலவுக் கணக்கிலும் ஏறுவதன்று.

நம் மாணவருட் பலர் நாளை அயல்நாடு செல்லக்கூடியவராவர். அவர் முதற்கண் அந்நாட்டு நாணயத்திலேயே தலைக்கட்டணம், வாடகை, பள்ளிச் செலவு ஆகியவற்றை எழுதிக் கூட்டுவாராக. ஊதியத்தினின்று அதனைக் கழித்து எஞ்சுவதை மட்டும் ரூபாயாக மாற்றுவாராக. எஞ்சுவது சிறிதாயின், செல்லலாகாதென்பது நம் கருத்தன்று. குடும்பம் ஒருங்கு வாழ்தற்கும் பணம் சேர்த்தற்கும் இடையே ஒன்றைத் தெரிந்துகொள்ள நேருமென்பதைப் புறப்படுமுன்னரே இருவரும் கூடி அறிந்திருத்தல் நன்று.