குளிரில் பிறக்கும் குமிழி

முன்னுரை

தருமபுரி மாவட்டத் தொப்பூரில் எம் குடும்பத்திற்கு ஒரு தோட்டமும் கிணறும் உண்டு. கோடை வந்தால் கிணற்று நீர் வெகுவாகக் கீழிறங்கிவிடும். யாம் பள்ளியில் பயின்ற நாளில், ஒரே ஆண்டில் எம் அத்தா மோட்டார் பம்பின் இம்பெல்லரை இருமுறை மாற்ற நேர்ந்தது. புதிய இரும்பும் சில மாதங்களில் கரையான் அரித்தது போலக் குழிகுழியாயிற்று. பம்பினுள் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற ஓசையும் கேட்டது. இரும்பு மட்டமானது என்று அத்தா மனம் நொந்தார். மூன்றாம் முறை வந்த மெக்கானிக், "இரும்பைக் குத்தம் சொல்லாதீங்க பாய், தண்ணி கீழ போயிடுச்சு, பம்பு மேலயே நிக்குது" என்றார். பம்பைக் கிணற்றின் உள்திட்டுக்கு இறக்கி வைத்தபின் தொல்லை தீர்ந்தது.

அந்த மெக்கானிக் தீர்த்த சிக்கலும், விண்ணூர்தி எஞ்சின் அமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் அடிப்படையில் ஒன்றே என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தோம். அதனை இக்கட்டுரையில் காண்போம்.

குமிழாக்கம்

நீர் கொதிப்பதற்கு வெப்பம் ஒன்றே வழியன்று. அழுத்தம் போதிய அளவு குறைந்தால் தண்ணென்ற நீரும் ஆவியாகிக் குமிழிகளை ஈனும். நீர்மட்டம் தாழத் தாழ, பம்பு அதிக உயரத்திற்கு உறிஞ்ச வேண்டியுள்ளது. அதனால் அதன் வாயில் அழுத்தம் குறைந்து குமிழிகள் தோன்றுகின்றன. அவை அழுத்தம் மிகுந்த இடத்தை அடைந்ததும் நொடிப்பொழுதில் நொறுங்குகின்றன. அந்த அதிர்ச்சியே இரும்பைக் குழிக்கிறது. குமிழி நொறுங்கும்போது சுற்றியுள்ள திரவத்தில் எழும் பேரழுத்தத்தை 1917ஆம் ஆண்டிலேயே ராலே பிரபு கணக்கிட்டுக் காட்டினார். பொறியியலார் 'கேவிடேஷன்' எனும் இந்நிகழ்வை நாம் குமிழாக்கம் என வழங்குவோம்.

மகேந்திரகிரியின் கிணறு

திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் உந்துவிசை வளாகம் உள்ளது. கிரையோஜெனிக் எஞ்சின்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. அவற்றின் எரிபொருளாகிய திரவ ஹைட்ரஜன் -253 பாகை செல்சியசிலும், அதனை எரிக்கும் திரவ ஆக்சிஜன் -183 பாகையிலும் கொதிப்பன. இரண்டும் ஏறத்தாழக் கொதிநிலையிலேயே தொட்டியில் இருக்கின்றன. எடையைக் குறைக்க வேண்டித் தொட்டிச் சுவர்கள் மெல்லியனவாக அமைவதால், உள்ளே அழுத்தத்தை மிகுதியாக ஏற்றவும் இயலாது. பம்போ நிமிடத்திற்குப் பல்லாயிரம் சுற்றுகள் சுழல்கிறது. குமிழாக்கத்திற்கு இதனினும் ஏற்ற களம் வேறில்லை.

கிணற்றில் செய்ததுபோல் இங்கே பம்பைக் கீழே இறக்க முடியாது. ஆகவே முதன்மைப் பம்பிற்கு முன்னர் ஒரு சிறிய துணைப் பம்பை வைத்து, அதன் வாயில் அழுத்தத்தை உயர்த்துகின்றனர். 2010 ஏப்ரல் 15 அன்று நம் நாட்டில் உருவான கிரையோஜெனிக் எஞ்சினுடன் முதன்முறை பறந்த ஜி.எஸ்.எல்.வி. வீழ்ந்தது, ஹைட்ரஜனுக்கான அத்துணைப் பம்பு நின்றதனாலேயே. சுழலும் பாகம் இறுகியிருக்கலாம், அல்லது டர்பைன் உறை உடைந்திருக்கலாம் என ஆய்வுக்குழு கூறியது. குமிழாக்கத்தை அது காரணமாகக் காட்டவில்லை. ஆயினும் அந்தச் சிறு கருவியின் இன்றியமையாமையை நாடு உணர்ந்த நாள் அது. 2014 சனவரி 5 அன்று அடுத்த உள்நாட்டு எஞ்சின் வெற்றி கண்டது.

சப்பானின் பட்டறிவு வேறு வகையினது. 1999 நவம்பர் 15 அன்று அந்நாட்டு எச்-2 ராக்கெட் இடைவழியில் உந்துவிசை இழந்தது. ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழக் கடலடியிலிருந்து எஞ்சினை மீட்டு ஆராய்ந்தனர். ஹைட்ரஜன் பம்பின் முகப்பு அலகு, குமிழாக்கத்தோடு தொடர்புடைய அதிர்வால் களைத்து முறிந்தமை புலனாயிற்று.

நீர் உவமையாகுமா?

இத்தகைய பம்புகளைச் செலவும் இடரும் கருதி முதலில் நீரில் சோதிப்பது வழக்கம். அங்ஙனமாயின் நீர் ஹைட்ரஜனுக்கு உவமையாகிறது. உவமைக்கு வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியர் அடிப்படை வகுத்ததை நம் மாணவர் அறிவர். பொதுத்தன்மை இல்லாவிடில் உவமை பழுதுபடும். இங்கும் அதுவே நிகழ்கிறது.

நீரில் ஒரு குமிழியை நிரப்ப, அதன் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு நீர் ஆவியானால் போதும். ஹைட்ரஜனிலோ ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு ஆவியாக வேண்டும். ஆவியாதலுக்கு வேண்டிய வெப்பம் சுற்றியுள்ள திரவத்திலிருந்தே எடுக்கப்படுவதால், அத்திரவம் மேலும் குளிர்கிறது. 30 பாகையில் உள்ள நீர் ஒரு பாகை குளிர்ந்தால், அதன் ஆவியழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் நானூறில் ஒரு பங்கே குறையும். கொதிநிலையில் உள்ள ஹைட்ரஜனிலோ ஏறத்தாழக் கால் பங்கு குறையும். ஆவியழுத்தம் குறையவே குமிழியின் வளர்ச்சி தடைப்படுகிறது. குமிழி தன் வளர்ச்சிக்குத் தானே அணையிட்டுக்கொள்கிறது எனலாம். ஆனால் அவ்வணை முழுக்காப்பு அன்று. சப்பானின் அலகு அதற்குச் சான்று.

கணினிப் பாவனை

ஆகவே இப்பாவனையைச் செய்வோர் கணக்கில் வெப்பத்தையும் சேர்த்தாக வேண்டும். பம்பினுள் உள்ள இடத்தை இலட்சக்கணக்கான சிற்றறைகளாகப் பகுப்பர். ஒவ்வோர் அறையிலும் பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகியவை அழியா என்னும் விதிகளின்படி சமன்பாடுகள் தீர்க்கப்படும். எவ்வளவு திரவம் ஆவியாயிற்று, அதனால் வெப்பநிலை எவ்வளவு தாழ்ந்தது, புதிய ஆவியழுத்தம் யாது என்பவற்றைக் கணினி மீண்டும் மீண்டும் கணக்கிடும். வெப்பக் கணக்கை விடுத்தால், குமிழித் திரள் உண்மையினும் பெரிதாகத் தோன்றிவிடும்.

ஆவியாகும் வேகத்தைக் குறிக்கும் சில மாறிலிகளைக் கொள்கையால் மட்டும் பெறவியலாது. சோதனையோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும். 1973இல் அமெரிக்காவின் நாசாவிற்காக ஹோர்ட் என்பவர், திரவ நைட்ரஜனிலும் ஹைட்ரஜனிலும் குமிழித் திரளுக்குள் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து வெளியிட்டார். இன்றைய பாவனைகள் பலவும் அவ்வளவீடுகளை உரைகல்லாகக் கொள்கின்றன.

முடிவுரை

கணினி காட்டும் வண்ணப்படமும் ஓர் உவமையே. அது எத்துணை அழகியதாயினும், பொருளோடு எதனால் ஒக்கிறது, எங்கே ஒவ்வாது போகிறது என்று வினவாமல் ஏற்கலாகாது. கடைக்காரரின் இரும்பை நொந்த எம் அத்தா கண்முன் தெரிந்த குழியைக் கண்டார். மெக்கானிக்கோ கண்ணுக்குத் தெரியாத நீர்மட்டத்தை எண்ணினார். அறிவியல் பயில்வோர்க்கும் தமிழ் பயில்வோர்க்கும் வேண்டுவது அந்த எண்ணமே.