கிடார் பெடலுக்கு பவர்: நடுவில் பிளஸ்ஸா, மைனஸா?

ராத்திரி முழுக்க சால்டர் செய்து முடித்த கிடார் பெடல், அடாப்டரைச் செருகியதும் புகைந்தால் எப்படி இருக்கும்? பிளஸ், மைனஸ் இடம் மாறினால் அதுதான் நடக்கும்.

வீட்டில் கிடக்கும் பல அடாப்டர்களில் பின்னின் நடுப்பகுதி பிளஸ். ஆனால் பெரும்பாலான 9 வோல்ட் பெடல்களில் நடுப்பகுதி மைனஸ், வெளிப்பகுதி பிளஸ்.

ஏன் இப்படி? அடாப்டரைச் செருகியதும் பேட்டரியின் பிளஸ் துண்டிக்கப்பட வேண்டும். அதற்கான ஸ்விட்ச், ஜாக்கின் வெளித்தொடர்பில்தான் இருக்கிறது.

எப்படிக் கண்டுபிடிப்பது? மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்க. சிவப்பு முனை நடுத்துளையில், கறுப்பு வெளியில். எண்ணுக்கு முன் மைனஸ் குறி வந்தால், பெடலுக்குச் சரி.

கூடுதல் பாதுகாப்புக்கு, பிளஸ் வயரில் ஒரு 1என்5817 டையோடு. கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். சுமார் கால் வோல்ட் குறையும், அவ்வளவுதான். பெடல் தப்பிக்கும்!