எரிமலை ஈன்ற தீவும் எழுத்தில் வாழும் தமிழும்

முன்னுரை

சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்து வளர்ந்த நமக்குக் கடல் என்பது தொலைவில் உள்ள பொருள். வகுப்பறையில் ஐந்திணை நடத்தும்பொழுது குறிஞ்சிக்குக் கொல்லிமலையையும் சேர்வராயன் மலையையும் சாளரத்தின் வழியே சுட்டிக்காட்டிவிடலாம். மருதத்திற்கு மோகனூர்க் காவிரிக்கரையும் பரமத்திவேலூர் வெற்றிலைத் தோட்டங்களும் உள்ளன. சித்திரை வெயிலில் காயும் மானாவாரி நிலத்தைக் கண்டால் பாலைக்கும் உரை தேவையில்லை. நெய்தலுக்கு மட்டும் நாம் நூலைத்தான் நம்ப வேண்டியுள்ளது. ஆகவேதான் நம் மாணவர்கள் கடற்கரை என்றவுடன் மெரினாவையும் கன்னியாகுமரியையும் தாண்டி எண்ணுவதில்லை.

தமிழர் கால் பதித்து, வியர்வை சிந்தி, இன்றும் பெயரளவிலேனும் தமிழராய் வாழ்ந்துவரும் எரிமலைத் தீவு ஒன்று இந்துமாக்கடலில் உண்டு. அதுவே மொரீசியசு. சுற்றுலாக் கையேடுகள் அதன் வெண்மணலையும் நீலக்கடலையும் மட்டுமே புகழ்கின்றன. அம்மணல் எவ்வாறு வந்தது, அக்கரையில் யார் இறங்கினர், அங்கு நம் மொழியின் நிலை என்ன என்னும் மூன்றையும் சேர்த்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தீவின் பிறப்பு

இந்தியாவிலும் எரிமலைத் தீவு உண்டு. அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு நம் நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை. ஆனால் அங்கே மக்கள் வாழ்வதில்லை. மொரீசியசோ எரிமலையாய்ப் பிறந்து, அடங்கி, மக்கள் வாழும் மண்ணாய் மாறிய தீவு. ஏறத்தாழ 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடலடியிலிருந்து பொங்கியெழுந்த தீக்குழம்பு குவிந்து குவிந்து நீர்மட்டத்தைக் கடந்து நிலமாயிற்று. அதன் அண்டைத் தீவாகிய ரியூனியனில் 2,632 மீட்டர் உயரமுள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் என்னும் எரிமலை இன்றும் அடிக்கடி குமுறுகின்றது. மொரீசியசின் எரிமலைகளோ நெடுங்காலமாய் உறங்குகின்றன.

நம் சேலம் வட்டாரத்துப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மை உடையவை. நாமக்கல் கோட்டைப் பாறையில் ஏறி நிற்பவர் உலகின் முதுமையான நிலப்பகுதிகளுள் ஒன்றின்மேல் நிற்கிறார். அதனோடு ஒப்பிட்டால் மொரீசியசு நேற்றுப் பிறந்த குழந்தை. பரப்பிலும் அது சிறியது. 1,865 சதுர கிலோமீட்டர் அளவுடைய அத்தீவு நம் நாமக்கல் மாவட்டத்தில் பாதியைவிடச் சற்றே பெரியது. அதன் மிக உயர்ந்த சிகரம் 828 மீட்டர். ஏர்க்காட்டின் உயரத்தில் பாதியைச் சற்றே கடக்கும்.

கருங்கல்லும் வெண்மணலும்

எரிமலைக் குழம்பு ஆறியதால் உண்டான கல் கரியது. அவ்வாறாயின் கரையில் உள்ள மணலும் கரியதாய் அன்றோ இருத்தல் வேண்டும்? ரியூனியன் தீவின் எதாங் சாலே கடற்கரையில் மணல் கரியதாகவே உள்ளது. மொரீசியசின் கரைகள் மட்டும் வெளுத்திருப்பதன் காரணம் பவளம். தீவின் பெரும்பகுதியைச் சுற்றிப் பவளப்பாறை வேலிபோல் அமைந்துள்ளது. பவள உயிர்களின் சுண்ணாம்புக் கூடுகளும் சிப்பிகளும் அலையால் பொடிந்து வெண்மணலாகிக் கரைக்கு வருகின்றன. பவளத்தைக் கடித்து மேயும் கிளிமீன்களும் அதனை அரைத்து மணலாக்குகின்றன. ஆக, நிலம் நெருப்பின் கொடை. மணல் உயிரின் கொடை.

அப்பவள வேலிக்கு மற்றொரு பணியும் உண்டு. ஆழ்கடலின் பேரலைகள் அதில் மோதி உடைந்துவிடுவதால், உட்புறக் கடல் ஏரிபோல் அமைதியாய்க் கிடக்கின்றது. குழந்தைகளும் அச்சமின்றி நீராடுவது இதனால்தான். வேலி எங்கே அறுந்துள்ளதோ அங்கே கடலின் உண்மை முகம் தெரிகின்றது. தென்கோடியில் சுயாக் ஊரையடுத்த கிரி கிரி என்னுமிடத்தில் பவளத் தடுப்பு இல்லை. அங்கே அலைகள் கருங்கல் பாறைமீது நேரே வந்து அறைகின்றன. அருகில் நீர் வழிந்துகொண்டே இருக்கும் பாறை ஒன்றை 'அழும் பாறை' என்றே அம்மக்கள் அழைக்கின்றனர். அங்கு நின்று காணலாம், நீராடல் ஆகாது.

காணத்தக்க கரைகள்

வடமேற்கில் உள்ள துரு ஓ பிஷ் ஆழங்குறைந்த அமைதியான கரை. கிராண்ட் பே படகுகளும் கடைகளும் நிறைந்த ஆரவாரமான ஊர். கிழக்கில் பெல் மார் நீண்டு கிடக்கும் மணல்வெளி. கதிரவன் எழுவதைக் காண விழைவோர்க்கு ஏற்றது. மேற்கில் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கதிரவன் மறைவைக் காட்டும் கரை. நம் ஊரில் பந்தலுக்குக் கால் நடும் சவுக்கு மரம் அங்கே கரை நெடுகிலும் நிழல் தந்து நிற்கின்றது. விடுமுறை நாள்களில் அந்நாட்டுக் குடும்பங்கள் சோறு கட்டிக்கொண்டு வந்து அந்நிழலில் பொழுது போக்குகின்றன.

தென்கிழக்கில் மாஹேபூர் நகரையடுத்து புளூ பே கடற்பூங்கா உள்ளது. அடியில் கண்ணாடி பொருத்திய படகில் அமர்ந்தவாறே பவளக் காட்டையும் வண்ண மீன்களையும் அங்கே கண்டு மகிழலாம். அதே மாஹேபூரில் 1870ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சிறிய பிஸ்கட் ஆலை ஒன்று உண்டு. அங்கே பிஸ்கட் செய்வது மரவள்ளிக்கிழங்கு மாவில். மரவள்ளி பயிரிட்டு ஜவ்வரிசி வடிக்கும் சேலம், நாமக்கல் மக்களுக்கு இச்செய்தி இனிக்கும் என்பதில் ஐயமில்லை.

மலையும் பள்ளமும் வண்ண மண்ணும்

கடற்கரையோடு திரும்பிவிடுவோர் தீவின் பாதியைத்தான் காண்கின்றனர். குர்பிப் நகரின் நடுவே துரு ஓ செர் என்னும் எரிமலை வாய் உள்ளது. நெருப்புக் கக்கிய அக்குழியின் சரிவில் இன்று மரங்கள் அடர்ந்துள்ளன. அடியில் நீர் தேங்கியுள்ளது. இவ்வாறே ஓர் எரிமலை வாயில் நிறைந்த ஏரியே கிராண்ட் பாசன். இந்து மக்கள் அதனைக் கங்கைத் தலாவ் எனப் போற்றிச் சிவராத்திரிக்கு நடந்தே செல்கின்றனர். சுயாக் அருகே ரோச்செஸ்டர் அருவியில் எரிமலைக் குழம்பு ஆறியபொழுது வெடித்துப் பிளந்த கற்கள், தச்சர் செதுக்கி அடுக்கிய தூண்களைப் போல நிற்கின்றன.

ஷாமரெல் என்னுமிடத்தில் உள்ள எழுவண்ண மண் யாவரையும் வியக்க வைப்பது. சிவப்பு, பழுப்பு, ஊதா, மஞ்சள் என மண் மேடுகள் நிறம் மாறி மாறிக் கிடக்கின்றன. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வெப்பமும் மழையும் மிகுந்த இடத்தில் கல் சிதையும்பொழுது கரையக்கூடிய பொருள்கள் நீரோடு போய்விட, இரும்பும் அலுமினியமும் கலந்த மண் எஞ்சுகின்றது. அவற்றின் அளவு மாறுவதற்கேற்ப நிறமும் மாறுகின்றது. நம் சேர்வராயன் மலையுச்சியிலும் கொல்லிமலையிலும் கிடைக்கும் பாக்சைட் மண்ணும் இத்தகைய சிதைவால் உண்டானதே. அங்கே அம்மண்ணை வேலியிட்டுக் காட்டிப் பொருள் ஈட்டுகின்றனர். இங்கே வெட்டி எடுத்துப் பொருள் ஈட்டினோம்.

இறங்கிய கரைகள்

அரேபிய மாலுமிகள் இத்தீவை முன்னரே அறிந்திருந்தனர். 1502ஆம் ஆண்டின் கான்டினோ நிலப்படத்தில் 'தினா அரோபி' என்னும் அவர்கள் வழிப் பெயர் காணப்படுகின்றது. 1598இல் ஒல்லாந்தர் இறங்கி, தம் இளவரசர் மோரிஸ் பெயரைச் சூட்டினர். பறக்கவியலாத டோடோ என்னும் பறவை ஒரு நூற்றாண்டுக்குள்ளாகவே அழிந்தொழிந்தது. பின்னர்ப் பிரெஞ்சுக்காரரும், 1810இல் ஆங்கிலேயரும் தீவைக் கைப்பற்றினர்.

1735இல் ஆளுநராய் வந்த லபூர்தொனே துறைமுகமும் நகரும் எழுப்பப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். ஆதலால் அங்குள்ள பழைய கட்டடங்களில் தமிழ்க் கொத்தர், தச்சர் கைத்திறனும் கலந்துள்ளது. 1835இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படவே, 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாய்க் கொண்டுசெல்லப்பட்டனர். சென்னைத் துறைமுகத்தில் ஏறியோருள் அதற்குமுன் கடலையே கண்டிராத உழவரும் இருந்தனர். போர்ட் லூயி நகரில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி கட்டத்தின் கற்படிகள் இன்றும் உள்ளன. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர் அவ்வழியே சென்றனர். யுனெஸ்கோ 2006இல் அதனை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

தென்மேற்கு முனையில் 556 மீட்டர் உயரத்தில் செங்குத்தாய் நிற்கும் லெ மோர்ன் மலை 2008இல் அப்பெருமையைப் பெற்றது. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. விடுதலைச் செய்தி சொல்ல வந்த காவலரைத் தம்மைப் பிடிக்க வந்தோர் என எண்ணி அவர்கள் உச்சியிலிருந்து குதித்து உயிர் நீத்தனர் என்பது வாய்மொழி வரலாறு. இன்று அம்மலையடிவாரக் கடற்கரை தீவின் அழகிய கரைகளுள் ஒன்று. அழகை மட்டும் கண்டு திரும்புவோர் அதன் கண்ணீரை அறியார்.

எழுத்தில் வாழும் தமிழ்

மொரீசியசின் பணத்தாளில் தமிழ் எழுத்து அச்சிடப்பட்டுள்ளது. 1998இல் வெளியான புதிய தாள்களில் தமிழின் இடம் மாற்றி இந்திக்குப் பின் வைக்கப்பட்டபொழுது தமிழர் கிளர்ந்தெழுந்தனர்; அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. தைப்பூசக் காவடிக்கு அங்கே அரசு விடுமுறை உண்டு. காத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் உள்ள முருகன் கோயிலுக்குக் காவடி ஏறுவது கண்கொள்ளாக் காட்சி. ஈதுப் பெருநாளுக்கும் கிறித்துமசுக்கும் அவ்வாறே விடுமுறை. போர்ட் லூயியின் நடுவே 1850களில் எழுந்த ஜும்மா பள்ளிவாசலின் முற்றத்தில் வாதுமை மரம் ஒன்று நிழல் விரித்து நிற்கின்றது. பல சமயத்தார் சிறு தீவில் நெருங்கி வாழும் பண்பு நம் சிந்தனைக்கு உரியது.

1989இல் ஏழாம் உலகத் தமிழ் மாநாடு மோக்கா நகரில் நடைபெற்றது. அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் தமிழ் கற்பிக்கின்றது. 2018இல் பரமசிவம் பிள்ளை வையாபுரி தற்காலிகக் குடியரசுத் தலைவராய் அமர்ந்தார். இவையெல்லாம் பெருமைக்குரியவை. எனினும் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. அங்குள்ள தமிழர் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரியோல் மொழியே. தமிழ் அவர்களுக்குப் பெயரில் இருக்கின்றது, வழிபாட்டில் இருக்கின்றது, பணத்தாளில் இருக்கின்றது, நாவில் அரிதாகவே இருக்கின்றது. தோட்டத்திலும் பள்ளியிலும் பிற மொழியே ஆண்டமையால் தலைமுறைதோறும் தமிழ் தேய்ந்தது. அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. கடல் கடக்காமலேயே, சேலத்துத் தெருவில் நின்றுகொண்டே தமிழில் ஒரு கடிதம் எழுதத் தடுமாறும் பிள்ளைகளை நாமும் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

கடலுக்கு வந்த கேடு

2020 ஜூலை 25 அன்று வகாசியோ என்னும் சரக்குக் கப்பல் தென்கிழக்குப் பவளப்பாறையில் மோதிச் சிக்கியது. ஆகஸ்டில் அதிலிருந்து ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கசிந்தது. புளூ பே பூங்காவுக்கும் அருகிருந்த தீவுகளுக்கும் பேராபத்து நேர்ந்தது. அப்பொழுது மக்கள் சாதி, சமயம் பாராது கரையில் திரண்டனர். கரும்புத் தோகையைத் துணிப்பையில் திணித்துத் தைத்து, நீண்ட மிதவைகளாக்கி எண்ணெயைத் தடுத்தனர். முன்னோரைக் கூலியாக்கிய கரும்பே பேரர்களுக்குக் கேடயமாயிற்று.

அழிவின் விளிம்பிலிருந்து மீட்ட வரலாறும் அவர்களிடம் உண்டு. 1974இல் நான்கே எஞ்சியிருந்த மொரீசியசு வல்லூறு, முட்டையெடுத்துப் பொரிக்கச் செய்து வளர்த்த முயற்சியால் மீண்டும் பெருகியது. டோடோவை இழந்த நாடு வல்லூற்றை இழக்க ஒப்பவில்லை.

செல்வோர்க்குச் சில குறிப்புகள்

தென்கோளத்தில் உள்ளமையால் அங்கே பருவம் நமக்கு நேர்மாறு. சூன் முதல் செப்டம்பர் வரை இளங்குளிர். சனவரி முதல் மார்ச்சு வரை புயலுக்கு அஞ்ச வேண்டும். பவளத்தின்மேல் கால் வைத்தலும் அதனை ஒடித்து எடுத்தலும் ஆகா. கரையோர நிலத்தின் பெரும்பகுதி அரசுக்கு உரியது. விடுதிகள் குத்தகைக்குப் பெற்றவையே. அலை ஏறும் எல்லைக்குக் கீழுள்ள மணல் யாவர்க்கும் பொது. அவ்வுரிமை சுருங்கிவிடாமல் காக்க அந்நாட்டு மக்கள் குரல் எழுப்பி வருகின்றனர்.

நிறைவுரை

நம் மாணவர் அனைவரும் மொரீசியசு செல்லுதல் இயலாது, செல்ல வேண்டுவதுமில்லை. அத்தீவு கற்பிக்கும் பாடத்தை இங்கிருந்தே கற்கலாம். கல்லையும் மண்ணையும் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒவ்வொரு மலையும் ஒரு நூல். நம் வட்டாரத்துக் குன்றுகள் கல்லுடைப்பில் கரைந்து வருகின்றன. பவளம் ஒடிந்தால் கரை போவதுபோல, குன்று போனால் அதன் சுனையும் மேய்ச்சலும் போகும். மொழியும் அத்தகையதே. எழுத்து நிலைத்திருந்தாலும் நாவில் புழங்காத மொழி, எரிமலை அணைந்தபின் எஞ்சிய குழிபோல் ஆகிவிடும். அக்குழியில் நீர் நிறைந்து ஏரியாவதும் உண்டு என்பதைக் கிராண்ட் பாசன் காட்டுகின்றது. மொரீசியசில் தமிழ் கற்க முயலும் இளைஞர்க்கு நாம் நூலாலும் ஆசிரியராலும் துணை நிற்றல் வேண்டும். அதற்குமுன் நம் வீட்டுப் பிள்ளைகள் நாவில் தமிழ் நிலைக்கச் செய்தல் நம் முதற்கடன்.